எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை

அத்தியாயம் பதினொன்று

விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிறைய ஒன்பது நிமிடம் ஆனது. நிறுத்தினேன். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து நடைக்கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் வைத்தேன். அனீஸா அந்தப் பக்கமிருந்து எடுத்துக்கொண்டாள்.

மாமியின் மாத்திரை டப்பாவில் சனிக்கிழமைக் கட்டத்தைத் திறந்தேன். பிரஷருக்கு ஒன்று. ரத்தம் கட்டாமலிருக்க ஒன்று. மாமி விழுங்கினார். வலது கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பத்து முறை மடக்கி விரித்தேன். சுண்டுவிரல் இன்னும் ஒத்துழைக்கவில்லை.

"மாப்பிள்ளை," என்றார் மாமி. ஃபேனைக் குறைத்தேன்.

"மாப்பிள்ளை." தலையணையை முதுகுக்குச் சரியாக வைத்தேன்.

"மாப்பிள்ளை!" ஜன்னலில் காக்கா. விரட்டினேன்.

மாமி சிரித்தார். வாயின் இடது பக்கம் மட்டும் சிரிக்கும். பழகிவிட்டது. இரண்டு பக்கமும் சிரிக்கிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

கதைக்குள் இந்த வாரம்தான் நுழைகிறவர்களுக்குச் சில வரிகள்.

என் பெயர் சித்தீக். வயது முப்பத்தொன்று. உதவி வேளாண்மை அலுவலர். சொந்த ஊர் பாபநாசம் பக்கம். எங்கள் பக்கத்தில் பெண்தான் புகுந்த வீட்டுக்கு வருவாள். முத்துப்பேட்டையில் இந்தக் குடும்பத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வரவேண்டும். நிலோஃபரைக் கட்டிக்கொண்டு ஒரு பெட்டியோடு வந்தேன். நான்கு வருடம். போன வருடம் மாசியில் நிலோஃபர் போய்விட்டாள். காய்ச்சல். ஐந்து நாள்.

நான் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பிக்கொண்டேதான் இருந்தேன். ஐப்பசியில் ஒரு நாள் நிலோஃபரின் உம்மா, என் மாமி, மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது கத்தி கையிலிருந்து நழுவியது. பிறகு பேச்சும் நழுவிவிட்டது. பக்கவாதம். நடை இரண்டு மாதத்தில் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

வீட்டில் மாமி லத்தீஃபாவும் நிலோஃபரின் தங்கை அனீஸாவும்தான். அண்ணன் ஃபாஜில் துபாயில். வாப்பா இல்லை. அதனால் தங்கிவிட்டேன். வாசல் பக்க அறை எனக்கு. மார்க்கப்படி மாமியார் தாய் மாதிரி, மனைவி போன பிறகும் அந்த உறவு முறிவதில்லை, கையைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கலாம். மைத்துனி அப்படி இல்லை. நடைக்கதவும் ஸ்டூலும் அதற்காகத்தான். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் காலையில் வந்தால் இரவு அனீஸாவோடு படுத்து எழுந்துதான் போவார். அப்படியும் ஊர் பேசுவதைப் பேசும்.

நான்கு வருடத்தில் மாமி என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "மாப்பிள்ளைக்கு டீ வேணுமான்னு கேளு." "மாப்பிள்ளை வந்துட்டாங்களான்னு பாரு." எல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்து, நிலோஃபர் வழியாக. இப்போது மாமியிடம் இருப்பது அந்தச் சொல் மட்டும்தான். காலையிலிருந்து அந்திவரை நேராக என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

தஞ்சாவூரில் மாமிக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற ஷைலஜா மேடம் முதல் நாளே சொன்னார். "புத்தி அப்படியே இருக்கு சார். சொல் எடுத்துக் கொடுக்கிற இடத்துலதான் அடி. நீங்க பாஷை தெரியாத ஊர்ல போய் நின்னா பைத்தியமா? அப்படித்தான் இவங்க நிக்கிறாங்க. ஒரே வித்தியாசம், இது அவங்க சொந்த ஊரு."

அவர் சொன்ன விதிகள் இரண்டு எனக்குப் பாடம். ஒன்று, காத்திருக்க வேண்டும், பாதி வார்த்தையை நாம் முடித்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு, ஆமாவா இல்லையா என்று கேட்டால் அதே கேள்வியைத் திருப்பியும் கேட்க வேண்டும். தலையாட்டுவதும் ஒரு சொல்தான். அதுவும் மாறி வரும்.

போன வாரம் நடந்தது இது. மாமியின் தம்பி ஹபீப் முகம்மது மாமா சீர்காழியிலிருந்து வீடியோ காலில் வந்தார். "அனீஸாவுக்கு யாரப் பாக்கலாம் லாத்தா?" என்று அக்காவைக் கேட்டார். மாமி கையை நீட்டி, "மாப்பிள்ளை, மாப்பிள்ளை," என்றார். நீட்டிய திசையில் அனீஸா நின்றாள்.

அனீஸாவுக்குப் பின்னால் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அது மாமாவின் திரையில் தெரியவில்லை.

நாற்பத்தோரு நொடி. மாமா அதைப் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். 'லாத்தா தன் வாயால் சொல்லிவிட்டது. அனீஸா சித்தீக்குக்கு.' முப்பத்தெட்டு பேர் மாஷா அல்லாஹ் போட்டார்கள். இன்றைக்கு மாமா நாள் குறிக்க வருகிறார்.

எட்டு மணிக்கு டீயை ஸ்டூலில் வைத்துவிட்டு அனீஸா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு இருபத்தைந்து. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"மச்சான், மாமா பத்து மணிக்கு வந்துடுவாங்களாம்."

"ம்."

"சீர்காழி மாமி வட்டிலாப்பம் செஞ்சு கொடுத்து அனுப்பிருக்காங்களாம்."

"ம்."

"உம்மாவுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ஒரு எழுத்து. நல்லா இருக்கு இந்த வூடு."

நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

"மாமா பேச வர்றது உங்களுக்கு இஷ்டமா மச்சான்?"

"இல்ல."

கதவுக்குப் பின்னால் கொலுசு ஒரு தடவை அசைந்தது. பிறகு, "சரி," என்றாள்.

"நாமளே மாமாகிட்டச் சொல்லிடலாம்."

"நாம சொல்றது எடுபடுமா? உம்மா சொன்னதால்ல அவங்க சொல்றாங்க." குரல் கொஞ்சம் இறங்கியது. "உம்மா நெசமாவே அதத்தான் சொல்றாங்களான்னு எனக்குத் தெரியணும் மச்சான். அதான்னா நான் மறுத்துப் பேசமாட்டேன். அவங்களுக்குன்னு இருக்குறதே அந்த ஒரு வார்த்தை. அதுக்கு நான் எதிர்த்துப் பேசினா அப்புறம் என்ன இருக்கு?"

"அது பால் பொங்கினதுக்குச் சொன்னது."

"அன்னிக்கு அப்படி. மத்த நேரத்துல மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. பால், ஃபேன், காக்கா எல்லாம் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் போனதில்லை.

மாமா ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். வெள்ளைக் கார், வெள்ளைச் சட்டை, இரண்டு கையிலும் சம்புடம். சீர்காழியில் ஜவுளிக்கடை. நல்ல மனிதர். நிலோஃபர் போனபோது மூன்று நாள் இங்கேயே இருந்து எல்லாம் பார்த்தவர்.

"அட, மாப்பிள்ளை! என்ன இது, லீவு நாள்ல ஆபீசர் மொகம்? வூட்டுல நல்ல பேச்சு நடக்கப் போவுது, கொஞ்சம் வெளிச்சமா இருங்க."

மாமி நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அனீஸா வெளிர்ப்பச்சை சேலை கட்டிவிட்டிருந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா."

"வ அலைக்குமுஸ்ஸலாம்," என்றார் மாமி, மணி அடித்த மாதிரி.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா? என்னா தெளிவு! பேச்சு வரலங்குறீங்க."

"அது மனப்பாடம் மாமா. சலாம், ஒண்ணுலேருந்து பத்து, குர்ஆன் சூராக்கள் எல்லாம் வேற வழியா வருது. யாராவது ஆரம்பிச்சா போதும், அவங்க வாய் தானா சேந்துக்கும். அவங்க சொல்றது இல்ல அது. வர்றது."

"அல்லா பேரு நாக்குல நிக்கிதே, அதுக்கு மேல என்ன?" என்றார் நூர்ஜஹான். அவர் தரையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "கண்ணூறு தம்பி இது. நானும் மொளகா சுத்திப் போடுறேன். நாக்குல தேன் தடவுனா மிச்சமும் வந்துடும். கேட்டாத்தானே? டாக்டருங்க அட்டையக் காட்டிக்கிட்டு இருக்காங்க. ஆனை, பூனைன்னு. லத்தீஃபா ஆனையப் பாத்து என்ன பண்ணப் போறா?"

மாமா நாற்காலியை அக்காவுக்கு எதிரே இழுத்துப் போட்டார். நான் மாமியின் வலது பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நடைக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்தப் பக்கம் அனீஸா இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"லாத்தா. நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்ம அனீஸாவ சித்தீக்குக்கே கொடுத்துடலாமா?"

மாமி தலையாட்டினார். "மாப்பிள்ளை."

மாமா தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "முடிஞ்சுது! நூர்ஜஹான், சம்புடத்தத் தொற."

"மாமா," என்றேன். "திருப்பிக் கேளுங்க."

"என்னத்த?"

"அதே கேள்விய மாத்தி. கொடுக்க வேணாமான்னு."

"நல்ல காரியத்துல வேணாம்னு வாய் வைக்கச் சொல்றீங்களே."

"ஒரு தடவ."

மாமா பெருமூச்சு விட்டார். "லாத்தா, அனீஸாவ சித்தீக்குக்குக் கொடுக்க வேணாமா?"

மாமி அதே மாதிரி தலையாட்டினார். "மாப்பிள்ளை."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன லாத்தா, ரெண்டுக்கும் ஆட்டுற?"

பெஞ்சில் என் போன் அடித்தது. திரையில் வைத்தியலிங்கம். கடைமடை விவசாயி. வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டிவிட்டது, நேரடி விதைப்பு செய்யலாமா என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். எடுக்கவில்லை. மாமா பெயரைப் படித்தார். அக்கா பக்கம் குனிந்தார்.

"ஏன் லாத்தா, எம் பேரு வைத்தியலிங்கமா?"

மாமி தலையாட்டினார். "மாப்பிள்ளை."

நூர்ஜஹான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தீர்ந்தது என்று இருந்தது. வீடியோவுக்கு இனி மதிப்பில்லை.

ஆனால் மாமா சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"யா அல்லாஹ். இவ்ளோ தூரம் ஆயிடுச்சா? எனக்கு யாரும் சொல்லலியே." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "பத்து வூட்டு வழக்க ஒரே பார்வைல தீக்குறவ. தம்பி பேரே தெரியல. புத்தி பூரா போயிடுச்சு மாப்பிள்ளை. இவள உக்கார வச்சு நான் சம்மதம் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"புத்தி போகல மாமா. தலையாட்டுறதுதான் மாறி..."

"நீங்கதானே இப்பக் காட்டினீங்க?"

ஆமாம். நான்தான் காட்டினேன். மாமியின் 'ஆமாம்' ஆமாம் இல்லை என்று நிரூபிக்கப் போய், அந்த வீட்டில் மாமியே இல்லை என்று ஆக்கிவிட்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து அனீஸாவின் குரல். "என்ன மச்சான் பண்ணி வச்சீங்க?" சத்தமில்லாமல்தான் கேட்டாள்.

மாமி என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை," என்றார், மிகவும் தாழ்ந்த குரலில். பதினோரு மாதத்தில் அந்தச் சொல்லை ஆயிரம் விதமாகக் கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நிலோஃபர் போன பிறகு நான் எதையாவது உணர்ந்தது அதுதான் முதல் தடவை.

மாமா மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. நடந்தது நடந்துபோச்சு. அவளால முடியாதப்ப இருக்குற ஆம்பளைதான் முடிவு பண்ணணும். ஃபாஜில் துபாய்லேருந்து சொல்லிட்டான், மாமா பாத்து முடிச்சா சரின்னு. மாப்பிள்ளை, நீங்க இந்த வூட்ட விட்டுப் போனா இவளப் பாக்க யாரு? கட்டாம இருந்தா ஊரு என்ன பேசும்? ரெண்டுக்கும் இதான் வழி. வர்ற மாசம் பதினாலாம் தேதி. ஃபாத்திஹா ஓதி முடிச்சுக்குவோம்."

எங்கள் வீடுகளில் பேச்சு உறுதியானால் எல்லோரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதுவார்கள். ஓதிவிட்டால் முடிந்தது. பிறகு மாற்றிப் பேசுவது மரியாதை இல்லை.

"மாமா, கொஞ்சம் பொறுங்க," என்றேன்.

"பொறுத்தது போதும். அல் ஃபாத்திஹா!"

மாமா கண்ணை மூடிக்கொண்டு கையேந்தினார். நூர்ஜஹான் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு கையேந்தினார். என் இடது கையும் எழுந்துவிட்டது. பழக்கம். மாமா உரக்க ஓத ஆரம்பித்தார்.

மாமியின் உதடு அசைந்தது. எனக்குத் தெரியும், இது நிற்காது. தினம் காலையில் நான் முதல் வார்த்தையைச் சொன்னால் போதும், கடைசி வரை தடங்கல் இல்லாமல் ஓதி ஆமீன் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஷைலஜா மேடம் வேண்டுமென்றே பாதியில் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். முடியவில்லை.

மாமி இடது கையைத் தூக்கினார். ஏந்துவதற்கு என்று நினைத்தேன்.

வாயைப் பொத்திக்கொண்டார்.

சாதாரணமாக அல்ல. விரல்கள் கன்னத்தில் பதிய. உள்ளே ஓதல் முட்டுவது தெரிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது. கையை எடுக்கவில்லை. தலை ஆடவும் இல்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா மூன்றாவது வரியில் இருந்தார். அக்காவின் குரல் சேரவில்லை என்று உணர்ந்திருக்க வேண்டும். சின்ன வயதில் அவருக்கு ஓதக் கற்றுக்கொடுத்ததே அந்தக் குரல்தான். கண்ணைத் திறந்தார். ஓதல் நின்றது.

"லாத்தா?"

தெருவில் மீன் வண்டியின் ஹாரன் இரண்டு தடவை கேட்டது.

"இது அவங்க வாய்ல தானா வர்றது மாமா," என்றேன். "அத நிறுத்தணும்னா நெனச்சுத்தான் நிறுத்த முடியும்."

மாமா ஏந்திய கையை மெதுவாக இறக்கினார். "அப்ப நான் பேசினது பூரா அவளுக்கு விளங்குச்சா?"

"பூரா."

"புத்தி போச்சுன்னு சொன்னது?"

"அதுவும்."

மாமா எழுந்து வந்து அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த உடம்பு. "மன்னிச்சுக்க லாத்தா." மாமி வாயிலிருந்து கையை எடுத்தார். அதே கையால் தம்பியின் உச்சந்தலையில் நச்சென்று ஒன்று வைத்தார்.

"மாப்பிள்ளை!" என்றார் அவரைப் பார்த்து.

யாரும் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. மாமாவே சொன்னார். "மடையான்னு சொல்றா. சின்னப் புள்ளைலேருந்து இப்படித்தான்." அழுதுகொண்டே சிரித்தார். நடைக்கதவு முழுசாகத் திறந்திருந்தது. அனீஸா வாசற்படியில் நின்றாள்.

"சரி லாத்தா," என்றார் மாமா. "நான் ஒண்ணும் முடிவு பண்ணல. நீயே சொல்லு. என்ன செய்யட்டும்?"

மாமி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார். திறந்தார்.

"பதினாலாந் தேதி வேணாமா? தள்ளி வைக்கட்டுமா? வேற எடம் பாக்கட்டுமா? ஹம்தான் பெரியப்பா மவன் ஒருத்தன் இருக்கானே, அவனா?"

"மாமா, கொஞ்சம் வாய மூடுங்க," என்றாள் அனீஸா.

மாமா வாயை மூடினார். அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நாங்கள் காத்திருந்தோம். நான் மனதுக்குள் எண்ணினேன். அறுபது வந்தது. தொண்ணூறு வந்தது. வாயில் கொடுக்க என்னிடம் நாலைந்து வார்த்தைகள் இருந்தன. கொடுக்கவில்லை. என் மடியில் இருந்த மாமியின் வலது கை இறுகியது. சுண்டுவிரலும் சேர்ந்து.

பிறகு வந்தது. துண்டு துண்டாக, கல்லுக்குள்ளிருந்து எடுத்த மாதிரி. இரண்டு சொல். இரண்டிலும் மாப்பிள்ளை இல்லை.

நூர்ஜஹான் எழுந்தே நின்றுவிட்டார். மாமா "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூன்று தடவை சொன்னார். மாமி களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தார், வாயின் இடது பக்கத்தில் சிரிப்பு. அனீஸா உள்ளே போய்விட்டாள். சாப்பாடு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டோம். கொடுவா மீன் குழம்பு. மாமா மூன்று தடவை சோறு வாங்கினார். வட்டிலாப்பத்தில் முதல் துண்டு மாமிக்கு. இரண்டாவதும் மாமிக்கு.

மூன்று மணிக்கு மாமா கார் ஏறினார். நான் வைத்தியலிங்கத்தைக் கூப்பிட்டு விதைக்கச் சொன்னேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நூர்ஜஹான் தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்தார். வெல்லம், தேங்காய்த் துருவல் போட்டு ஊறவைத்த அவல். "லத்தீஃபா வாய் தொறந்து கேட்டுட்டாளே தம்பி! பதினோரு மாசத்துல மொத மொதலா ஒண்ணு கேக்குறா. 'அவலு கேளு'ன்னா. வேற யாருக்கும் வெளங்கல பாத்தீங்களா?" மாமி மறுக்கவில்லை. இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

ஐந்தரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் மாமாவின் குரல் பதிவு. ஓடுகிற காரிலிருந்து. தழுதழுத்த குரல். "எல்லாரும் கேட்டுக்குங்க. என் லாத்தாவுக்கு நாக்கு திரும்பிடுச்சு. என்ன சொன்னா தெரியுமா? 'அல்லாவக் கேளு'ன்னு சொன்னா. நமக்கெல்லாம் உறைக்கிற மாதிரி. நான் இன்னிக்கு இஸ்திகாரா தொழுது அல்லாகிட்டேயே கேக்கப் போறேன். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு இல்ல." இதற்கும் மாஷா அல்லாஹ்கள் வர ஆரம்பித்தன.

அனீஸா டீயை ஸ்டூலில் வைத்தாள். போகவில்லை.

"மச்சான். உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"உனக்கு?"

"நான் தூரத்துல நின்னேன். நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

"கேட்டதச் சொல்றதுக்கு என்ன யோசனை?" பிறகு கொலுசுச் சத்தம் அடுப்படிப் பக்கம் போனது.

மற்றவர்களைவிட மாமியின் வாய்க்கு அருகில் இருந்தது என் காது. மாமி கேட்டது அவல் இல்லை. சொன்னது அல்லாஹ்வின் பெயரும் இல்லை. தம்பியிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. மாப்பிள்ளையிடம் மாமி 'ங்க' இல்லாமல் பேசமாட்டார். ஆனால் சொல்லும்போது இடது கையால் அவர் தட்டியது என் முழங்காலை. கண் வாசற்படியில் நின்ற அனீஸா மேல் இருந்தது. சொன்னது இவ்வளவுதான்:

"அவளக் கேளு."